முதல் சுற்றில் வந்த ரிசீவர் ஏன் பந்தைத் தவறவிடுகிறார்?

கேள்வி: எங்கள் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி சென்ற ஆண்டு, கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் வைடு ரிசீவர் ஒருவரை எடுத்தது. ஆறடி மூன்று அங்குல உயரம், ஓட்டம் அபாரம். கல்லூரி ஆட்டங்களில் எட்டாத பந்தையும் எட்டிப் பறித்தவர். இங்கே வந்து ஒன்றரை சீசன் ஆகிவிட்டது. கைக்கு வந்த பந்து நழுவுகிறது, பந்தை எறிந்துகொடுக்கும் குவார்ட்டர்பேக் குறிவைக்கும் இடத்தில் அவர் இருப்பதில்லை, போன இரண்டு ஆட்டங்களில் அவரைக் களத்துக்கே இறக்கவில்லை. "கை சரியில்லை, கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்" என்கிறார்கள் என்னோடு ஆட்டம் பார்க்கும் நண்பர்கள். எனக்கு மனசு வரவில்லை. இப்படிப்பட்டவரை ஓர் அணி உண்மையில் எப்படித் தேற்றி எடுக்கிறது? எவ்வளவு காலம் பொறுக்கலாம், ஐயா?
— அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: இப்போதைக்குத் தள்ளிவிட வேண்டாம். அதற்காக, கொஞ்சம் பொறுத்தால் தானாகச் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். எங்கே பழுது என்று கண்டுபிடித்து அதை மட்டும் திருத்தினால் சரியாகும். கண்டுபிடிக்காமல், பந்தெறியும் இயந்திரத்தின் முன் நிறுத்தி தினமும் நூறு பந்து பிடிக்கவைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான்.

பந்து நழுவும் அந்த அரை நொடிதான் டிவியில் தெரிகிறது. ரிசீவரின் வேலையில் அது கடைசிக் கட்டம். அதற்கு முன் அவர் சரியான இடத்தில் நிற்க வேண்டும். தன்னை மறிக்க எதிரில் நிற்கும் கார்னர்பேக்கைத் தாண்டிப் புறப்பட வேண்டும். எங்கே திரும்பப்போகிறார் என்று காட்டிக்கொடுக்காமல் ஓட வேண்டும். குறித்த ஆழத்தில் வெட்டித் திரும்ப வேண்டும். இந்த நான்கில் ஒன்று பிசகினாலும், பந்து வந்து சேரும்போது அவர் தலையைத் தாமதமாகத் திருப்பியிருப்பார், உடல் சாய்ந்திருக்கும், முதுகில் ஒருவர் ஒட்டியிருப்பார். அந்த நிலையில் எந்தக் கையும் தடுமாறும்.

அதனால் முதல் வேலை வீடியோ. டிவி ஒளிபரப்பு இதற்குப் போதாது. 22 பேரும் ஒருசேரத் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கும் பயிற்சியாளர் படம் வேண்டும். என்எஃப்எல் பிளஸ் உயர்சந்தாவில் ரசிகர்களும் அதைப் பார்க்கலாம். அவருக்குப் பந்து எறிந்த தருணங்களை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும், எறியாதவற்றையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறிக்க வேண்டியவை: கார்னர்பேக் முகத்துக்கு முன் நின்றாரா, ஏழெட்டு யார்டு தள்ளி நின்றாரா, மேன் கவரேஜா (ஆளுக்கு ஆள் காவல்), ஸோன் கவரேஜா (இடத்துக்குக் காவல்), எத்தனையாவது யார்டில் திரும்பினார், நிற்க எத்தனை அடி எடுத்தார், குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுப் பந்து கிளம்பும்போது இருவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது. நாலைந்து ஆட்டங்களை இப்படிக் குறித்தாலே பழுது எங்கே என்று தெரிந்துவிடும். இதோடு கூடவே கண் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். இரவு ஆட்டத்தில், விளக்கொளியின் பின்னணியில் பந்து தெரியத் தாமதமானால் எந்தப் பயிற்சியாலும் பயனில்லை. கண்ணைச் சோதிக்காமல் கையைக் குறை சொல்லக்கூடாது.

நழுவும் பந்திலும் வகை உண்டு. அதிகம் காண்பது, பிடித்து முடிப்பதற்குள் ஓடப் பார்ப்பது. கிரிக்கெட்டில் ரன் அவுட் ஆசையில் பந்தை எடுக்குமுன் ஸ்டம்பைப் பார்க்கும் ஃபீல்டருக்கு நடக்கும் அதே கோளாறு. பந்து விரலில் பட்டு, உள்ளங்கையில் அடங்கி, அக்குளுக்குள் போகும்வரை கண் அதன் கூடவே போக வேண்டும். அதன் பிறகே திரும்ப வேண்டும். இன்னொரு வகை, கையை நீட்டாமல் பந்தை மார்புக்கு வரவிடுவது. மார்புக் கவசத்தில் பட்டுப் பந்து எகிறும். மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர வேண்டும். சரியாக வயிற்றுக்கு நேரே வரும் பந்தில்தான் எந்தப் பிடி என்று முடிவெடுக்கத் தாமதமாகிறது. அதனால் பயிற்சியில் அந்த உயரத்துக்கே பாதிப் பந்துகளை எறிவது நல்லது. மூன்றாவது, தோளுக்கு மேலாக வரும் நீண்ட பந்து. அதில் பந்தைத் தேடும் பதற்றத்தில் கையை முன்கூட்டியே தூக்கிவிடுகிறார்கள். தூக்கிய கையோடு ஓடினால் வேகம் குறையும், பந்து வருகிறது என்று கார்னர்பேக்கும் தெரிந்துகொள்வார். நான்காவது, நடுக்களத்தில் அடி விழப்போகிறது என்று உடல் சுருங்குவது. இது அச்சம் என்பதை விடப் பழக்கக் குறைவு. பந்து கையில் படும் நொடியில் உதவியாளர் ஒருவர் மெத்தைப் பலகையால் விலாவில் தட்டிக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் உடல் அடங்கும்.

ஜக்ஸ் எனும் அந்தப் பந்தெறியும் இயந்திரத்தை நான் ஒதுக்கவில்லை, பயன்படுத்தும் விதம்தான் தவறு. ஒரே இடத்தில் நின்று, ஒரே வேகத்தில், ஒரே உயரத்துக்கு வரும் பந்தைப் பிடிப்பதால் எண்ணிக்கை கூடுகிறதே தவிர, ஆட்டத்தில் வேண்டியது கிடைப்பதில்லை. இயந்திரத்துக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, பந்து கிளம்பிய பிறகு குரல் கொடுத்துத் திருப்ப வேண்டும். பந்தில் வண்ணப் புள்ளிகள் இட்டு, பிடித்தவுடன் எந்த நிறம் என்று சொல்லவைக்கலாம், கண் கடைசிவரை போயிற்றா என்று அதிலேயே தெரியும். பன்னிரண்டு பந்து, ஓய்வு, மறுபடி பன்னிரண்டு என நான்கு சுற்று போதும். அதையும் ஓட்டப் பயிற்சி முடிந்து மூச்சு வாங்கும்போது வைக்க வேண்டும். ஆட்டத்தின் கடைசிப் பகுதியான நான்காம் குவார்ட்டரில் உடல் அப்படித்தான் இருக்கும். குவார்ட்டர்பேக் இடதுகைக்காரர் என்றால் பந்து எதிர்ப்புறமாகச் சுழன்று வரும், அதற்கும் தனியே பழக வேண்டும்.

உங்கள் ஆள் விஷயத்தில் கையை விடப் புறப்பாட்டின் மேல்தான் எனக்கு அதிகச் சந்தேகம். உயரமும் வேகமும் உள்ளவர்கள் கல்லூரியில் எதிராளியின் மேலே எம்பியே பந்தைப் பறித்துவிடுவார்கள், காலடி நுட்பம் அங்கே தேவைப்படுவதில்லை. என்எஃப்எல்லில் கார்னர்பேக் ஒரு யார்டு தூரத்தில் நின்று முதல் ஐந்து யார்டுக்குள் கையால் தடுக்கலாம், விதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் தொட்டால்தான் இல்லீகல் கான்டாக்ட் என்ற குற்றம். அந்த ஐந்து யார்டில் இளைஞர்கள் செய்யும் தவறு, நின்ற இடத்திலேயே நாலைந்து முறை காலை மாற்றி மாற்றி ஆடிக்காட்டுவது. பார்க்க அழகாக இருக்கும், நேரம் போய்விடும். குவார்ட்டர்பேக் ஏறக்குறைய இரண்டரை நொடியில் எறிந்தாக வேண்டும். ஏமாற்று அசைவு அதிகபட்சம் இரண்டு, ஒவ்வொன்றும் முன்னோக்கி நகர்த்த வேண்டும். குறி கார்னர்பேக்கின் நெஞ்சு அல்ல, ஒரு பக்க இடுப்பு. அந்த இடுப்பு திரும்பியதும் மறுபுறம் போக வேண்டும். அவர் நீட்டும் கையை மணிக்கட்டில் தட்டிவிட வேண்டும். தாண்டிய பின் பலர் மறப்பது ஒன்று உண்டு: மறுபடி அவருக்கு நேர் முன்னே வந்து அவரை முதுகுக்குப் பின்னால் அடக்குவது. அதைச் செய்யாவிட்டால் கார்னர்பேக் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டே எல்லைக் கோட்டை நோக்கித் தள்ளுவார். நீண்ட ஓட்டத்தில் ரிசீவருக்கும் எல்லைக் கோட்டுக்கும் நடுவே ஐந்து யார்டாவது இருந்தால்தான் குவார்ட்டர்பேக்கால் வெளிப்புறத் தோள்பக்கம் பந்தை இறக்க முடியும். அந்த இடம் போய்விட்டால் எவ்வளவு நல்ல எறிதலும் வெளியேதான் விழும்.

இதைப் பழக நேரம் கிடைப்பதே அரிது என்பது வெளியே பலருக்குத் தெரிவதில்லை. வீரர் சங்கத்தோடு லீக் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, வசந்தகாலப் பயிற்சிகளில் ரிசீவரும் கார்னர்பேக்கும் கைகலக்கும் பம்ப் அண்ட் ரன் பயிற்சிக்கு இடமில்லை. ஜூலைக் கடைசியில் முகாம் தொடங்கிய பிறகுதான் உண்மையான தடுப்பைச் சந்திக்கிறார். சீசன் தொடங்கிவிட்டால் கவசத்தோடு பயிற்சி மொத்தமே 14 நாள், அதில் 11 நாளைத் தொடக்கப் பதினொரு வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். போதாததற்கு, பெஞ்சில் இருப்பவர் ஸ்கவுட் அணியில் ஓடுகிறார். அதாவது வரும் ஞாயிறு எதிரணி ஆடப்போகும் உத்திகளை அட்டையைப் பார்த்து ஓடிக்காட்டுகிறார், தன் சொந்த அணியின் ரூட்டை (ஓட வேண்டிய பாதையை) ஓடுவதே இல்லை. தடுமாறுபவரை உட்காரவைத்தால் தேறுவார் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. உட்காரவைத்த வாரங்களில்தான் பயிற்சி முடிந்து இருபது நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டும்: மாற்றுக் குவார்ட்டர்பேக் ஒருவர், கைப்பலகையோடு உதவிப் பயிற்சியாளர் ஒருவர், நம் அணியின் ரூட்டுகள் மூன்றே மூன்று. ஒரு வாரத்துக்கு மூன்றுக்கு மேல் எடுக்கக்கூடாது.

அடுத்தது திரும்புதல். நீண்ட கால் உள்ளவர்களுக்கு இடுப்பு உயரத்தில் இருக்கும், முழு வேகத்திலிருந்து நிற்க ஆறேழு அடி எடுப்பார்கள். முதல் அடியிலேயே நெஞ்சு நிமிர்ந்துவிடும். நெஞ்சு நிமிர்வதைத்தான் கார்னர்பேக் பார்த்துக்கொண்டிருக்கிறார். கர்ல் ரூட் என்றால் 12 யார்டு போய் 10க்குத் திரும்பி வர வேண்டும். பத்தரையிலேயே திரும்பிவிட்டால் முதல் டவுனுக்கு (நான்கு முயற்சிக்குள் கடக்க வேண்டிய பத்து யார்டுக்கு) ஒன்றரை யார்டு குறையும், பதின்மூன்றுக்குப் போனால் பந்து ஆளில்லாத இடத்தில் விழும். எல்லைக் கோட்டுப் பக்கம் திரும்பும் அவுட் ரூட்டில் கோணமாக வெட்டாமல் வளைந்து திரும்பினால் கார்னர்பேக் உள்ளே புகுந்து பந்தை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடிவிடுவார். அந்த இன்டர்செப்ஷன் குவார்ட்டர்பேக்கின் கணக்கில் எழுதப்படும், பிழை ரிசீவருடையது. திருத்தம் மெதுவாகத்தான் வரும். பாதி வேகத்தில் ஓடி, இடுப்பைத் தாழ்த்தி, மூன்று அடியில் நிற்பது. கை வீச்சு கடைசிவரை நிற்காமல் இருப்பது. நிற்கும் அடி உடலுக்கு வெளியே போகாமல் இடுப்புக்குக் கீழேயே விழுவது. அது பழகிய பிறகு முக்கால் வேகம், அப்புறம் முழு வேகம். முழு வேகத்தில் தொடங்கினால் பழைய பழக்கம்தான் உறுதிப்படும், தொடைப் பின்தசை வேறு இழுத்துக்கொள்ளும்.

தலைக்குள் நடப்பதை இவ்வளவு எளிதாகப் படம்பிடிக்க முடியாது. வீரர்கள் கூடி நிற்கும் வட்டத்தில் குவார்ட்டர்பேக் சொல்லும் ஒரு நீண்ட அழைப்பிலிருந்து ஃபார்மேஷன் (அணி நிற்கும் அமைப்பு), மோஷன் (ஆட்டம் தொடங்குமுன் நகர்வது), தன் ரூட், எப்போது கிளம்புவது எல்லாவற்றையும் சில நொடிகளில் பிரித்தெடுக்க வேண்டும். வரிசைக்கு வந்ததும் எதிரணியில் பின்னால் காவல் நிற்கும் சேஃப்டி ஒருவரா இருவரா என்று பார்த்து ரூட்டை மாற்ற வேண்டியிருக்கும். குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க எதிரணி கூடுதல் ஆட்களை ஏவும் பிளிட்ஸ் வந்தால் ரூட்டைச் சுருக்க வேண்டும். யோசித்துக்கொண்டே ஓடுபவரின் வேகம் தானாகக் குறைகிறது. நாற்பது யார்டை 4.4 நொடியில் ஓடியவர் களத்தில் மந்தமாகத் தெரிவது அதனால்தான்.

பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் நெல்சன் அகலோர் இதற்குத் தெளிவான சான்று. 2015இல் 20ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். 2016 நவம்பரில் சியாட்டிலில் நடந்த ஆட்டத்தில், ஆட்டம் தொடங்கும் ஸ்க்ரிமேஜ் கோட்டில் அவர் சரியாக நிற்காததால் சக வீரர் ஸாக் எர்ட்ஸ் அடித்த டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) ரத்தானது. தாக்கும் அணியில் ஏழு பேர் கோட்டில் இருந்தாக வேண்டும், அவர் ஓரடி பின்னால் இருந்தாலே ஆறுதான். அதே ஆட்டத்தில் பந்தையும் நழுவவிட்டார். தன் தலைக்குள்ளேயே சிக்கிக்கொண்டதாக ஆட்டம் முடிந்து அவரே வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் அவரை இறக்கவில்லை. அந்த சீசனில் மொத்தம் 36 பிடிகள், 365 யார்டு, 2 டச்டவுன். 2017 ஆகஸ்டில் ரிசீவர் ஜோர்டன் மேத்யூஸை அணி பஃபலோவுக்கு அனுப்பியது, காலியான ஸ்லாட் இடம் (ஓரத்தில் அல்லாமல் உட்புறமாக நிற்கும் ரிசீவரின் இடம்) அகலோருக்கு வந்தது. அங்கே கோட்டை விட்டுப் பின்னால் நிற்கலாம், முகத்துக்கு முன் கார்னர்பேக் நின்று தடுப்பது குறைவு, இடமும் வலமும் போக வழி உண்டு. அந்த ஆண்டு 62 பிடிகள், 768 யார்டு, 8 டச்டவுன். நியூ இங்கிலாந்தை வென்ற சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் ஒன்பது பிடிகள், 84 யார்டு. ஆள் அதே ஆள், நின்ற இடம்தான் வேறு.

உங்கள் அணி யோசிக்க வேண்டியதும் இதைத்தான். கோட்டின்மேல் நிற்கும் எக்ஸ் இடத்தில் அவரைப் போட்டிருந்தால், முழு லீக்கிலேயே கடினமான தடுப்பை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் இஸட் (Z) இடத்துக்கோ ஸ்லாட்டுக்கோ மாற்றலாம், மோஷனில் நகர்த்தி விடலாம், கோட்டில் இன்னொருவரை நிறுத்தி அவர் பின்னால் இவரை வைக்கலாம். ஒரு வாரத்துக்கு 12 முதல் 15 உத்திகள் மட்டும் அவருக்கு என்று ஒதுக்க வேண்டும். முந்தைய இரவில் அவரே அட்டை எழுத வேண்டும்: ஒருபக்கம் அழைப்பு, மறுபக்கம் தான் நிற்கும் இடம், ரூட், ஆழம். கோட்டில் நின்றதும் பக்கவாட்டு நடுவரைக் கைகாட்டிக் கேட்கும் பழக்கம் வர வேண்டும், நிற்கும் இடம் தவறினால் அவர் சைகையில் சொல்லிவிடுவார். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஹிட்ச், ஸ்க்ரீன் போன்ற ஒரு குட்டி எறிதல் அவருக்குப் போக வேண்டும். நழுவவிட்டால், அணிக்குப் பந்து கிடைக்கும் அடுத்த இரண்டு முறைக்குள் மறுபடி எளிய பந்து ஒன்று போக வேண்டும். பக்கவாட்டில் வந்ததும் ஒரே ஒரு திருத்தம் சொன்னால் போதும். ஐந்து பேர் ஐந்து விஷயம் சொல்வதுதான் கெடுக்கிறது.

கிரீன் பே பேக்கர்ஸில் டவான்ட்டே ஆடம்ஸுக்கு நடந்தது இதன் இன்னொரு முகம். 2015 முன்சீசனில் அணியின் முதன்மை ரிசீவர் ஜோர்டி நெல்சன் முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முழுக்க ஆடவில்லை. இரண்டாம் ஆண்டுக்காரரான ஆடம்ஸ் தலைமேல் அந்தச் சுமை விழுந்தது, தொடக்கத்திலேயே அவர் கணுக்காலும் காயமானது. 50 பிடிகளில் 483 யார்டு, ஒரே டச்டவுன். பந்துகள் நழுவின, இவரை எடுத்தது வீண் என்று உங்கள் நண்பர்களைப் போலவே நிறையப் பேர் எழுதினார்கள். 2016இல் நெல்சன் திரும்பினார், ஆடம்ஸின் கணுக்கால் ஆறியது: 75 பிடிகள், 997 யார்டு, 12 டச்டவுன். பள்ளி நாள் கூடைப்பந்திலிருந்து வந்த அவருடைய காலடி அசைவைத்தான் இன்றைக்கு இளம் ரிசீவர்களுக்குப் பாடமாகப் போட்டுக் காட்டுகிறார்கள். சென்ற தலைமுறையில் ஜெரி ரைஸே 1985இல் முதல் சீசனில் பந்துகளை நழுவவிட்டு உள்ளூர் ரசிகர்களிடம் வசை வாங்கியவர். அந்த டிசம்பரில் ராம்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 241 யார்டு எடுத்தார்.

எல்லோரும் தேறுவதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். நியூ இங்கிலாந்து 2019இல் முதல் சுற்றில் எடுத்த நிகீல் ஹாரி மூன்று சீசனில் 57 பிடிகளோடு நின்றார். கல்லூரியில் எம்பிப் பறித்தவருக்கு இங்கே கார்னர்பேக்கிடமிருந்து விலகி இடைவெளி கண்டுபிடிக்க வரவில்லை. 2022இல், டிராஃப்டின் கடைசிச் சுற்றான ஏழாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு ஈடாகச் சிகாகோவுக்குப் போனார். விலை அவ்வளவுதான் கிடைக்கும். தடுமாறும்போது விற்பவருக்கு எதுவும் தேறாது என்பதற்காகவும் உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை.

ஆகவே பொறுப்பதா விடுவதா என்று நழுவிய பந்துகளை எண்ணி முடிவெடுக்காதீர்கள். அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும். மேன் கவரேஜில் பந்து கிளம்பும்போது அவருக்கு ஒன்றரை, இரண்டு யார்டு இடைவெளி இருக்கிறதா? சேர்ந்தாற்போல் நாலைந்து ஆட்டங்களில் இருந்தால் பொறுக்கலாம், பிடியைத் திருத்த முடியும். சார்ஜர்ஸின் குவென்டின் ஜான்ஸ்டன் 2023இல் கிரீன் பேயின் லேம்போ மைதானத்தில் கடைசி நிமிடங்களில் கைக்குள் வந்த நீண்ட பந்தை விட்டார், அந்த ஆட்டத்தை அணி மூன்று புள்ளியில் தோற்றது. அந்த முதல் சீசனில் 38 பிடிகள், 431 யார்டு, 2 டச்டவுன். 2024இல் 55 பிடிகள், 711 யார்டு, 8 டச்டவுன். அந்த ஆண்டும் சில பந்துகள் நழுவத்தான் செய்தன. ஆனால் ஆள் இல்லாத இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தார், அதனால் அவருக்குப் பந்து வந்துகொண்டே இருந்தது.

கால அளவு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முதல் சுற்றில் வந்தவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். ஐந்தாம் ஆண்டையும் சேர்ப்பதா என்று மூன்றாம் சீசன் முடிந்து வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் அணி சொல்ல வேண்டும், சொன்னால் அந்தத் தொகை முழுக்க உறுதி. உங்கள் ஆளுக்கு இன்னும் ஒன்றரை சீசன் இருக்கிறது. அதுவரை அவர் களத்தில் இருக்க வழி, பந்தை உதைத்து எதிரணிக்கு அனுப்பும் பன்ட் ஆட்டத்தில் ஓரத்திலிருந்து முந்தி ஓடிப்போய்த் தடுக்கும் கன்னராக ஓடுவதும், பந்தை ஏந்தி ஓடும் ரன் ஆட்டத்தில் எதிராளியை மறித்து ஒழுங்காக பிளாக் செய்வதும்தான். 53 பேரில் ஆட்ட நாளில் 48 பேர்தான் இறங்கலாம். நாலாவது, ஐந்தாவது ரிசீவர் உதை ஆட்டங்களுக்கான ஸ்பெஷல் டீமில் உதவாவிட்டால் கோட்டுக்கு வெளியே சாதாரண உடையில்தான் நிற்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் அவர் இறங்கினால் பந்தைத் துரத்தாமல் அவரையே பாருங்கள். பன்ட் உதைக்கும்போது முதல் ஆளாக ஓடுகிறாரா, ஸ்லாட்டிலிருந்து கிளம்புகிறாரா என்று கவனியுங்கள். இரண்டும் நடந்தால் அணி அவரைக் கைவிடவில்லை, வேலை நடந்துகொண்டிருக்கிறது.